நாலரைப் பூட்டு

தூத்துக்குடி துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களுக்கு மளிகை கொடுக்கிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். அவர்களில் ஒருவர் வன்னியபெருமாள். அரிசி, வெங்காயம், முட்டை, கறி என்று கப்பல் சமையல்காரன் கேட்பதையெல்லாம் வேனில் ஏற்றிக்கொண்டு போய் இறக்குவார். அவர் மனைவி பேச்சிச்செல்வியும் தொழிலில் பங்கு. அவளுக்கும் துறைமுகத்துக்குள் போக பாஸ் உண்டு. பீச் ரோட்டுக்குப் பின்னால் குடோன், குடோன் வாசலில் ஒரு மேசை, மேசைமேல் ஒரு தொலைபேசி. அந்த எண்ணைத்தான் வன்னியபெருமாள் எல்லா இடத்திலும் கொடுத்து வைத்திருந்தார். வங்கிக்கும் அதுதான், கேஸ் சிலிண்டருக்கும் அதுதான், கோட்டைக்காவல் நலக் காப்பீட்டுக் கழகத்துக்கும் அதுதான்.

ஒரு நாள் முற்பகலில் அந்தத் தொலைபேசி அடித்தபோது புருஷனும் பெண்டாட்டியும் கப்பலுக்குப் போயிருந்தார்கள். மேசையில் உட்கார்ந்திருந்தது வன்னியபெருமாளின் அக்கா முத்துக்கனி. ஆத்தூரிலிருந்து ஒரு கல்யாணத்துக்கு வெற்றிலை கொண்டுவந்தவள், தம்பியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தாள். எடுத்தாள்.

தேன் மாதிரி ஒரு பெண் குரல். "பேச்சிச்செல்வி மேடம் வீடுங்களா? மேடத்துக்கு இடது மார்பு எடுத்திருக்கில்லையா, அந்த இடத்துல வைக்கிற சிலிக்கான் மார்பு நம்ம கம்பெனியில இருக்கு. இந்த மாசம் ஆஃபர். ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீ."

முத்துக்கனி பதறவில்லை. "நம்பர் மாத்திப் போட்டுட்டம்மா. எங்க பேச்சிக்கு பித்தப்பையில கல்லுல்லா எடுத்தாவ" என்றாள்.

அந்தப் பெண் பொறுப்பானவள். வாடிக்கையாளரைத் தப்பான தகவலோடு விடக் கூடாது என்று பயிற்சி பெற்றிருந்தாள். மதுரையில் எந்த ஆஸ்பத்திரி, எந்த மாதம், அறுத்த டாக்டர் பேர், பேச்சிச்செல்வியின் வயசு, பாலிசி எண் எல்லாவற்றையும் பொறுமையாக வாசித்துக் காட்டினாள். "எல்லாம் சரியாத்தான் இருக்கு மேடம். நீங்க ஒருதடவை வீட்டில கேட்டுப் பாருங்க."

கூடப் பிறந்த தம்பி தன்னிடம் மறைத்ததை முத்துக்கனி இப்படித்தான் தெரிந்துகொண்டாள்.

பேச்சிச்செல்வி மதுரையில் ஆபரேஷனுக்குப் போகும்போது புருஷனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "யாருட்டயும் சொல்லிராதீங்க." வெட்கம் என்று சொல்ல முடியாது. அவளுடைய அம்மாவும் இதே வியாதியில் போனவள். ஓட்டப்பிடாரத்தில் அம்மா படுத்திருந்தபோது தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பிக்கிறவர்களின் கண் மெதுவாகக் கீழே இறங்குவதைப் பேச்சி பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறாள். அந்தக் கண்கள் தன்மேல் இறங்கக் கூடாது. அவ்வளவுதான் அவள் ஆசை. பெங்களூரில் வேலை பார்க்கிற மகள் ஐஸ்வர்யாவிடம்கூடப் பித்தப்பைக் கல் என்றுதான் சொன்னார்கள். பிறகு நேரம் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

மறுநாளே ஆத்தூரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆள் வந்து இறங்கியது. ஹார்லிக்ஸ், ஆரஞ்சுப் பழம், திருச்செந்தூர் விபூதி. எல்லாரும் பேச்சியின் முகத்தைப் பார்த்து "எப்படிளா இருக்க" என்று கேட்டார்கள். கேட்டு முடிப்பதற்குள் கண் இறங்கியது. இறங்கிய கண் எது இருக்கிறது, எது இல்லை என்று தேடியது. ஒருத்தி ஆறுதலாகத் தோளில் கை வைப்பதுபோல் வைத்துக் கொஞ்சம் கீழே தடவியே பார்த்துவிட்டாள். பேச்சி எழுந்து அடுக்களைக்குப் போனவள், வேன் கிளம்பிய சத்தம் கேட்ட பிறகுதான் வெளியே வந்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் ஐஸ்வர்யா போன் செய்தாள். "ஆத்தூர் அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியணுமாம்மா?" என்றாள். போனை வைத்துவிட்டாள். அதன்பிறகு பேச்சி எத்தனை தடவை அடித்தும் எடுக்கவில்லை.

அழைப்புகள் மட்டும் நிற்கவில்லை. முடி கொட்டினால் வைக்க விக் விற்கிறவன் பேசினான். கோமியத்தில் செய்த மாத்திரை விற்கிறவன் பேசினான். சர்வரோக நிவாரண ஜெபக்கூட்டத்துக்கு அழைத்தார்கள். ஒரு நாள் நாகரிகமான ஆண் குரல் ஒன்று வன்னியபெருமாளையே கேட்டது. "சார், உங்க குடும்பச் சூழ்நிலை எங்களுக்குப் புரியுது. உங்களை மாதிரி சூழ்நிலையில இருக்கிற ஆண்களுக்காகவே ஒரு மறுமணச் சேவை நடத்துறோம். முழு ரகசியம் காக்கப்படும்."

வன்னியபெருமாள் அதிர்ந்து பேசாத ஆள். போனை வைத்துவிட்டுக் குடோனுக்குள் போய் வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கோட்டைக்காவல் ஆபீசுக்குக் கிளம்பினார். பாலிசி எண் தெரிந்தது அவர்களுக்குத்தான். கிளெய்ம் கேட்டபோது, மார்பை எடுத்ததற்கு ஆதாரம் வேண்டும் என்று ஆறாத புண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னவர்களும் அவர்கள்தான்.

ஆபீஸ் வாசலில் தோரணம் கட்டியிருந்தார்கள். இணையப் பாதுகாப்பு வாரமாம். "உங்கள் ரகசியம், எங்கள் உயிர்மூச்சு" என்று பெரிய பேனர். உள்ளே நுழைகிறவர்களுக்குச் சந்தனம் கொடுத்துப் பூட்டுப் படம் போட்ட பேட்ஜ் ஒன்றைச் சட்டையில் குத்தினார்கள். வன்னியபெருமாளுக்கும் குத்தினார்கள். அந்தச் சமயம் பார்த்து மணி அடித்தது. எல்லா ஊழியர்களும் எழுந்து நின்று வலது கையை நீட்டி, "வாடிக்கையாளரின் தகவலைக் கண்ணின் மணிபோல் காப்பேன், எனது கடவுச்சொல்லைப் பெற்ற தாய்க்கும் சொல்லேன்" என்று உறுதிமொழி எடுத்தார்கள். வாடிக்கையாளர்களும் எழுந்து நிற்க வேண்டும் என்று செக்யூரிட்டி சைகை காட்டினார். வன்னியபெருமாள் நின்றார். உறுதிமொழி முடிந்து எல்லாரும் உட்கார்ந்ததும் ஒரு மூலையிலிருந்து ஒருவர், "ஷெர்லி, ஒன் பாஸ்வேர்டு என்ன, சிஸ்டம் கேக்குதே" என்று கூப்பிட்டார். ஷெர்லி என்கிற பெண் இந்த மூலையிலிருந்து எழுத்து எழுத்தாகச் சொன்னாள். முதல் எழுத்துப் பெரிய எழுத்து என்பதையும் மறக்காமல் சொன்னாள்.

கிளை மேலாளர் தேவபிரசாதம் நாசரேத்துக்காரர். மெதுவான பேச்சு, வெள்ளைச் சட்டை. வன்னியபெருமாளுக்கு நாற்காலி போட்டு, காபி வரவழைத்து, நடந்ததையெல்லாம் கண்ணை மூடிக் கேட்டார். கேட்டு முடித்து, "கேக்கவே கஷ்டமா இருக்கு அண்ணாச்சி" என்றார்.

"யாரு குடுத்தாவன்னு பாத்துச் சொல்லுங்க சார். எங்க வீட்ல இருந்து என்னென்ன வெளிய போயிருக்குன்னு தெரியணும். அந்தப் படமும் போயிருக்கான்னு அவ கேக்கா."

தேவபிரசாதம் நாற்காலியில் நிமிர்ந்தார். "அது மட்டும் முடியாது அண்ணாச்சி. ஒங்க வீட்டம்மா சம்பந்தப்பட்ட விவரம் அவங்க அந்தரங்கம். அத நான் ஒங்ககிட்டச் சொல்லக் கூடாது. புருஷனாவே இருந்தாலும் சொல்லக் கூடாது. அதுல நாங்க ரொம்ப கண்டிப்பு."

"எனக்குச் சொல்ல வேண்டாம் சார். எனக்குத் தெரியும். மத்தவனுக்குச் சொல்லாம இருந்தாப் போதும்."

"அது வேற டிபார்ட்மெண்டு" என்றார் தேவபிரசாதம் வருத்தத்துடன்.

பிறகு குரலைத் தாழ்த்தி விஷயத்துக்கு வந்தார். காப்பீட்டு நிறுவனங்களின் இணையப் பாதுகாப்பை ஒப்பிட்டுத் தரம் பிரிக்க ஒரு மன்றம் இருக்கிறது. வருஷா வருஷம் ஒவ்வொரு கம்பெனிக்கும் பூட்டு கொடுப்பார்கள். அஞ்சு பூட்டு வாங்கினால் அதற்கு மேல் கிடையாது. கோட்டைக்காவல் இப்போது நாலரைப் பூட்டில் நிற்கிறது. இன்னும் அரைப் பூட்டுதான்.

"அரைப் பூட்டுன்னா எப்படி சார்? பூட்டியிருக்கா, தெறந்திருக்கா?"

"பாக்கத் தெறந்திருக்க மாதிரி இருக்கும். ஆனா பூட்டியிருக்கும்" என்றவர், ஒரு கணம் யோசித்து, "அல்லது மாறி இருக்கும். அது டெக்னிக்கல் அண்ணாச்சி" என்றார். "விஷயம் என்னன்னா, இந்த நேரத்துல நீங்க புகார்னு எழுதிக் குடுத்தா எங்களுக்கு ஒரு முழுப் பூட்டுப் போயிரும். ஒங்க கம்பெனிக்குப் பூட்டுக் கொறஞ்சா ஒங்க டேட்டாவுக்குத்தானே பாதுகாப்புக் கொறவு? ஒங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன். இத 'விசாரணை'ன்னு போட்டுக்கிடுவோம். இல்லன்னா 'ஆலோசனை'ன்னு போடலாம். 'பாராட்டு'ன்னும் ஒரு இடம் இருக்கு."

புகார் என்றே போடச் சொன்னார் வன்னியபெருமாள். தேவபிரசாதம் கம்ப்யூட்டரில் என்னமோ தட்டினார். ஒரு ஓடிபி வந்தது. அது பேச்சிச்செல்வி பெயருக்குக் குடோன் தொலைபேசிக்குப் போனது. அந்தத் தொலைபேசியில் எழுத்து வராது. ஆகவே புகார் பதிவாகவில்லை.

வெறுத்துப்போன வன்னியபெருமாள் கம்பெனியையே மாற்றிவிடுவது என்று முடிவு செய்தார். மறுநாள் பேச்சியையும் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டை ரோட்டில் இருந்த நிழல்குடை இன்சூரன்ஸுக்குப் போனார். அங்கே விஜயராஜ் என்கிற அதிகாரி வாசலுக்கே வந்து கும்பிட்டான். இளவயசுக்காரன். சிரிப்பு முகத்தைவிட்டு இறங்காது.

"வாங்க அண்ணாச்சி, வாங்க மைனி. ஒடம்பு இப்ப எப்படி இருக்கு? ஆபரேஷன் முடிஞ்ச மூணாவது நாள் வாந்தி ஜாஸ்தியா இருந்துச்சுல்லா?"

பேச்சி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இதுக்கு முன்ன நாம பாத்திருக்கமா தம்பி?" என்று கேட்டார் வன்னியபெருமாள்.

"இல்லண்ணாச்சி. ஒங்க ஃபைல் இருக்கு. நாலு மாசத்துக்கு முன்னாலயே வந்துட்டு. நீங்கதான் லேட்டு." கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான். பெயர், வயசு, முகவரி, ரத்தக் கொதிப்பு, பேச்சியின் அம்மா எந்த வியாதியில் செத்தாள் என்பது வரைக்கும் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருந்தது. "ஒங்களுக்கு எழுதுத வேலையே இல்ல. கையெழுத்து மட்டும் போடுங்க."

"இதெல்லாம் எப்படி வந்திச்சு?"

"சந்தையில கெடைக்குதுண்ணாச்சி. நாங்க திருடுறதில்ல. காசு குடுத்துத்தான் வாங்குதோம். ரசீது இருக்கு."

பேச்சி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "படமும் வந்திருக்கா?"

விஜயராஜின் சிரிப்பு முதல் தடவையாகக் கொஞ்சம் தளர்ந்தது. "நான் தெறந்து பாக்கல மைனி" என்றான். பிறகு, "அது தனி ரேட்டு" என்றான்.

அவனுக்கும் ஒரு மனக்குறை இருந்தது. வழியனுப்ப வந்தவன் அதைச் சொல்லிப் புலம்பினான். நிழல்குடைக்கு மூணு பூட்டுத்தானாம். போன வருஷம் இவர்கள் கம்பெனியில் ஒரு கசிவு நடந்தது. மேலே இருந்த ஒரு வெகுளி, நடந்தது உண்மைதான் என்று மன்றத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டான். பூட்டைக் கழற்றிவிட்டார்கள். "கோட்டைக்காவல்காரன் விவரமானவன். இன்னைக்கு வரைக்கும் தெரியாதுன்னே இருக்கான். தெரியாத கசிவு கணக்குல வராதுல்லா."

வேனில் திரும்பினார்கள். வி.இ. ரோடு சிக்னலில் நின்றபோது பேச்சி, "திரேஸ்புரத்துல மீன் ஏலம் போடும்போது செவுளத் தூக்கிக் காட்டுவாவள்லா" என்றாள். "அப்படி இருக்கு." வன்னியபெருமாள் கியரை மாற்றினார்.

அடுத்த வாரம் தேவபிரசாதமே குடோனுக்கு வந்தார். கையில் தங்க எழுத்து அச்சடித்த அழைப்பிதழ். பூட்டு வழங்கும் விழா இந்த வருஷம் நம்ம ஊரிலேயே ஒரு பெரிய ஹோட்டலில் நடக்கிறது, கோட்டைக்காவல் மண்டலத் தலைவர் சென்னையிலிருந்து வருகிறார், குடும்பத்தோடு வரவேண்டும் என்றார். "ஒங்க விஷயத்த அவர்ட்ட நேர்ல சொல்லலாம். புகாரக் கையால வாங்குத அதிகாரம் அவருக்குத்தான் உண்டு."

வன்னியபெருமாளுக்குப் போக விருப்பம் இல்லை. பேச்சிதான், "போவோம். ஒரு ஆளாவது மொகத்தப் பாத்துப் பதில் சொல்லட்டும்" என்றாள்.

ஹோட்டல் வாசலில் பாதுகாப்பு பலமாக இருந்தது. இணையப் பாதுகாப்பு விழா என்பதால் சாதாரண விழாவைவிடப் பலம். ஒரு மேசையில் ஆதாரைக் கேட்டார்கள், அடுத்த மேசையில் கைரேகை, அதற்கடுத்ததில் கண்ணைப் படம் எடுத்தார்கள். கடைசி மேசையில் இருந்தவர் பேச்சியின் பெயர் பட்டியலில் 'பேச்சி செல்வி' என்று பிரித்து இருக்கிறது, ஆதாரில் சேர்ந்து இருக்கிறது, ஆகவே இருவரும் ஒரே ஆள்தானா என்பது சந்தேகம் என்று நிறுத்திவிட்டார். வன்னியபெருமாள் அவளைக் கூட்டிக்கொண்டு பின்பக்கம் போனார். அந்த ஹோட்டலுக்கு அரிசி போடுவது அவர்தான். சமையல்கட்டு வழியாக உள்ளே போனார்கள். மாஸ்டர் சட்டினியைக் கிண்டிக்கொண்டே, "வாங்கண்ணாச்சி" என்றார். வேறு யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கதவைத் திறந்தால் மேடைக்குப் பக்கத்திலேயே வந்து நின்றார்கள்.

மேடையில் மன்றத்தின் ஒப்பீட்டு இயக்குநர் சரண்யாதேவி பேசிக்கொண்டிருந்தார். பட்டுப்புடவை, காதோடு ஒட்டிய மைக், கையில் திரையை மாற்றுகிற பொத்தான்.

"ஒப்பீடு என்பது ஒரு தவம்" என்றார். "நாங்கள் நிறுவனங்களை வெளியிலிருந்து மட்டுமே மதிப்பிடுகிறோம். உள்ளே போய்ப் பார்ப்பது அவர்களுடைய அந்தரங்கத்தில் தலையிடுவதாகும் என்பதில் மன்றம் உறுதியாக இருக்கிறது. எத்தனை ஊழியர்கள் உறுதிமொழி எடுத்தார்கள், எத்தனை பேனர் வைத்தார்கள், எத்தனை குழுக்கள் அமைத்தார்கள், அந்தக் குழுக்களைக் கண்காணிக்க எத்தனை குழுக்கள் அமைத்தார்கள் என்பதையெல்லாம் அறிவியல்பூர்வமாக எடை போடுகிறோம். கசிவு நடந்ததாக ஒப்புக்கொள்ளும் நிறுவனங்களுக்கு ஒரு பூட்டைக் குறைக்கிறோம். இந்தக் கண்டிப்பான நடவடிக்கையின் பலனாக, இந்த ஆண்டு ஒரு நிறுவனம்கூடக் கசிவை ஒப்புக்கொள்ளவில்லை."

கைதட்டல் எழுந்து அடங்கப் பொறுத்திருந்தார்.

"சிலர் கேட்கிறார்கள், ஒப்பிடப்படும் நிறுவனங்களிடமே மன்றம் சந்தா வாங்கலாமா என்று. நான் கேட்கிறேன், சந்தா கட்டாத நிறுவனத்தை எதோடு ஒப்பிடுவது?"

இதற்கும் கைதட்டினார்கள். முன்வரிசையில் மண்டலத் தலைவர் தலையை ஆட்டி ரசித்தார். சரண்யாதேவி பொத்தானை அமுக்கினார்.

"இப்போது கோட்டைக்காவல் நிறுவனத்தின் முன்மாதிரிச் செயல்பாடு ஒன்று. ஒரு வாடிக்கையாளர் பதற்றத்துடன் வந்தபோது அவரை எவ்வளவு பக்குவமாகக் கையாண்டார்கள் என்று பாருங்கள். வாடிக்கையாளரின் அடையாளம் முழுமையாக மறைக்கப்பட்டிருக்கிறது."

திரையில் எழுத்து வந்தது. பெயர்: வ*பெருமாள். ஊர்: தூத்துக்குடி. தொழில்: கப்பல் மளிகை. மனைவி: பே*வி, வயது நாற்பத்தேழு. இடது மார்பகம் அகற்றப்பட்டது. கீழே குடோன் இருக்கும் தெருவும் தொலைபேசி எண்ணும். அதற்கும் கீழே, 'நிலை: வாடிக்கையாளர் திருப்தி.'

தூத்துக்குடியில் கப்பல் மளிகை போடுகிற வ*பெருமாள் ஒருத்தர்தான். அரங்கத்தில் இருந்த பாதிப் பேர் உள்ளூர்க்காரர்கள். வங்கிக்காரர், ஏற்றுமதிக்காரர், உப்பளக்காரர் எல்லாரும் அவரிடம் பேசியவர்கள், பழகியவர்கள். தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. மேடையோரத்தில் புருஷனும் பெண்டாட்டியும் நிற்பது தெரிந்தது. கண்கள் முதலில் பேச்சியின் முகத்துக்கு வந்தன. பிறகு இறங்கின.

வன்னியபெருமாள் அவள் கையைப் பிடித்து இழுத்தார். "வா, போயிருவோம்."

பேச்சி கையை விடுவித்துக்கொண்டாள். படி ஏறி மேடைக்குப் போனாள். தடுக்க வேண்டியவர்கள் எல்லாரும் முன்வாசலில் கைரேகை வாங்கிக்கொண்டிருந்தார்கள். நின்றுகொண்டிருந்த இன்னொரு மைக்கைப் பக்கத்தில் இழுத்தாள்.

"அந்தப் பொம்பள நாந்தான்" என்றாள். "பேச்சிச்செல்வி. அந்த அண்ணாச்சி சம்சாரம். இடது பக்கம்."

சரண்யாதேவியின் விரல் பொத்தானிலேயே இருந்தது.

"எனக்கு ஒண்ணுதான் கேக்கணும். எனக்கு என்ன சீக்குன்னு ஒங்க எல்லாருக்கும் தெரிஞ்சிட்டு. ஒங்களுக்கு என்னென்ன சீக்குன்னு எனக்குத் தெரியாது. அதையும் இந்தத் தெரையில போடுங்க. நானும் நின்னு வாசிச்சிட்டுப் போறேன்." முன்வரிசையைப் பார்த்தாள். "சார், நீங்கதான பெரியவரு. ஒங்களுக்குச் சக்கர எவ்வளவு இருக்கு? மூலம் உண்டுமா? ராத்திரி மாத்திர எதுக்குப் போடுதீய?"

மண்டலத் தலைவரின் முன்னால் யாரோ மைக்கை நீட்டிவிட்டார்கள். அவர் அதை எதிர்பார்க்கவில்லை. "அது... அது என்னோட அந்தரங்கம்மா" என்றார். ஒலிபெருக்கி அதை அரங்கத்தின் கடைசி வரிசை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

"ஆமா சார்" என்றாள் பேச்சி. "நானும் அப்படித்தான் நெனச்சிக்கிட்டிருந்தேன்."

எங்கேயோ ஒருவர் நாற்காலியை நகர்த்துகிற சத்தம். அவ்வளவுதான். ஏதோ ஒன்று நடந்துவிடும் என்று வன்னியபெருமாளுக்குத் தோன்றியது. யாராவது எழுந்து தலை குனிவார்கள், யாராவது அந்தத் திரையை அணைப்பார்கள்.

சரண்யாதேவி அனுபவசாலி. முகம் மலர இரண்டு கையையும் விரித்தார். "இதுதான் நாங்கள் காண விரும்பும் விழிப்புணர்வு பெற்ற வாடிக்கையாளர். தன்னுடைய தகவலைத் தானே, துணிச்சலாக, எந்தத் தயக்கமும் இல்லாமல் வெளியிடுகிறார். அவருக்கு ஒரு பலத்த கரவொலி கொடுப்போமா?"

கொடுத்தார்கள். பலமாகவே கொடுத்தார்கள். எதற்கு என்று தெரியாத சங்கடத்திலிருந்து விடுபட எல்லாருக்கும் ஒரு வேலை கிடைத்துவிட்டது. ஷெர்லி ஓடிவந்து பேச்சிக்குச் சால்வை போர்த்தினாள். இடது பக்கமாக ஒதுக்கிப் போர்த்தினாள். பூட்டு வடிவத்தில் பிளாஸ்டிக் கேடயம் ஒன்றைக் கையில் திணித்தார்கள். போட்டோ எடுத்தார்கள். பேச்சி சால்வையை எடுத்துக் கேடயத்தைச் சுற்றி மேடையிலேயே வைத்துவிட்டு இறங்கினாள். தேவபிரசாதம் வழியில் நின்று, "மேடம், புகார்..." என்று ஆரம்பித்தார். வன்னியபெருமாள் தன் செல் நம்பரோடு எழுதி வைத்திருந்த புகார்த் தாளை, "பெரியவர்ட்டக் குடுத்துருங்க" என்று அவர் சட்டைப்பையில் செருகிவிட்டு நடந்தார். போகும்போது முன்வாசல் வழியாகவே போனார்கள். வெளியே போகிறவர்களை யாரும் சோதிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பேச்சி வன்னியபெருமாளின் செல்லிலிருந்து மகளுக்கு அடித்தாள். இந்தத் தடவை ஐஸ்வர்யா எடுத்தாள்.

"ஏளா, வைச்சிராத. ஒனக்கு நான் மொதல்ல சொல்லிருக்கணும். இன்னைக்கு ஊருக்கே சொல்லிட்டு வாரேன். ஒங்கிட்டச் சொல்ல முடியாமலா போச்சு" என்றாள். பிறகு, மதுரையில் மயக்கம் தெளிந்த காலையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். வன்னியபெருமாள் வெளியே போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே இருந்து வெகுநேரம் பேச்சுச் சத்தம் கேட்டது. நடுவில் இருவரும் அழுதார்கள், ஒரு தடவை சிரித்ததுபோலவும் இருந்தது. சனிக்கிழமை ஐஸ்வர்யா பஸ் ஏறி வந்துவிட்டாள்.

பத்திரிகையில் பேச்சியின் படம் வந்தது, கேடயத்தோடு. 'தகவல் பாதுகாப்பில் முன்னோடி' என்று கீழே போட்டிருந்தார்கள்.

புகாருக்குப் பதில் வர ஒரு மாதம் ஆனது. அன்றைக்குப் புருஷனும் பெண்டாட்டியும் துறைமுக கேட்டில் வேனோடு நின்றுகொண்டிருந்தார்கள். கிரேக்கக் கப்பல் ஒன்றுக்குச் சாமான். வேன் நிறைய முட்டையும் கோழியும். உள்ளே ஏதோ பெரிய லாரி குறுக்கே நின்றதால் கேட்டை அடைத்து வைத்திருந்தார்கள். வன்னியபெருமாளின் செல்லில் குறுஞ்செய்தி ஒன்று வந்தது. கண்ணாடி இல்லாததால் அவளிடம் நீட்டினார். பேச்சி வாசித்தாள்.

"அன்பார்ந்த வாடிக்கையாளரே, வணக்கம். தாங்கள் குறிப்பிட்ட தகவல், தங்களாலேயே பொது மேடையில் வெளியிடப்பட்டிருப்பது நிழற்பட ஆதாரத்துடன் உறுதி செய்யப்பட்டுள்ளது. எனவே அது ரகசியத் தகவல் என்ற வரையறைக்குள் வராது. ரகசியம் அல்லாத தகவல் கசிய இயலாது. தங்கள் புகார் முழுத் திருப்தியுடன் முடித்து வைக்கப்படுகிறது."

வன்னியபெருமாள் செல்லை வாங்கி தேவபிரசாதத்துக்கு அடித்தார். "சார், அவ மேடையில சொன்னது போன மாசம். ஒங்க ஆபீஸ்ல இருந்து வெளிய போனது அதுக்கு எவ்வளவோ முன்ன. நாங்க புகார் சொல்ல வந்த அன்னைக்கு அது ரகசியமாத்தான சார் இருந்திச்சு?"

"வாஸ்தவம் அண்ணாச்சி" என்றார் தேவபிரசாதம். "ஆனா புகார் குடுத்த தேதிய எடுக்க மாட்டாவ. புகாரப் பரிசீலிச்ச தேதியத்தான் எடுப்பாவ. அதுவரைக்கும் நடக்கிறதெல்லாம் சேந்துரும்." சற்றுத் தயங்கிவிட்டு, சந்தோஷத்தை அடக்க முடியாமல், "எங்களுக்கு அஞ்சாவது பூட்டு வந்துட்டு அண்ணாச்சி. வாடிக்கையாளர்களிடம் மறைப்பதற்கு எதுவுமே இல்லாத ஒரே நிறுவனம்னு போட்டிருக்காவ. மேடத்துக்குத்தான் நன்றி சொல்லணும். கேடயத்தோட எடுத்த படத்த காலண்டர்ல போடலாமான்னு ஹெட் ஆபீஸ்ல கேக்காவ. அனுமதி வாங்காமப் போடக் கூடாதுல்லா, அதுல நாங்க ரொம்ப கண்டிப்பு" என்றார்.

ஸ்பீக்கரில் இருந்ததால் பேச்சிக்கும் கேட்டது. வன்னியபெருமாள் செல்லை அணைத்தார்.

பேச்சிச்செல்வி வேன் கதவைத் திறந்து இறங்கினாள். பின்னால் லாரிகள் வரிசையாக நின்றன. டிரைவர்கள் கீழே இறங்கி நின்று அவளைப் பார்த்தார்கள். அவள் யாரையும் லட்சியம் செய்யவில்லை. ரோட்டோரத்துக்கு நடந்து போய், இடுப்பில் கை ஊன்றி, தொண்டையை நன்றாகச் செருமி, அடிவயிற்றிலிருந்து காறித் துப்பினாள். ஒருதரம் போதவில்லை. மறுபடியும் துப்பினாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து ஏறினாள்.

"கேட்டத் தெறந்துட்டான். வண்டிய எடுங்க" என்றாள். "முட்ட வெயிலு தாங்காது."